தீராத வயிற்று வலி

தமிழ்ச் செய்தித்தாள் படித்து வளர்ந்த எல்லாருக்கும் ஒரு நோயைத் தெரியும். மாவட்டப் பக்கத்தின் கீழ் மூலையில் நாலு வரியில் வரும். தீராத வயிற்று வலியால் அவதிப்பட்டு வந்த பெண், வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் விஷம் குடித்தார். சிகிச்சை பலனின்றி இறந்தார். போலீசார் வழக்குப் பதிவு செய்து விசாரித்து வருகின்றனர். அவ்வளவுதான். எத்தனை மாதமாக வலி, எந்த டாக்டரிடம் காட்டினார், ஸ்கேன் எடுத்தார்களா என்று ஒரு வார்த்தை இருக்காது. மறுநாள் பேப்பரில் தொடர்ச்சியும் இருக்காது.

இந்தச் சொற்றொடரை வைத்து நாம் மீம் போட்டிருக்கிறோம். "காசு வாங்கிட்டு எழுதிட்டான்" என்று போலீஸைத் திட்டி ஒரு வரியில் முடித்தும் இருக்கிறோம். சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அந்த விளக்கம் நமக்கு ரொம்ப வசதியானது. ஒரு கெட்ட ஆளைக் காட்டிவிட்டால் அதற்கு மேல் எதையும் பார்க்க வேண்டியதில்லை. நான் சொல்ல வருவது வேறு. எல்லா நாற்காலியிலும் நல்லவர்களையே உட்கார வைத்தாலும் அந்த வயிற்று வலி வரத்தான் செய்யும். ஏனென்றால் தமிழ்நாட்டில், காரணம் தெரியாத ஒரு சாவைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை விசாரித்து, 'இதனால்தான் இறந்தார்' என்று குடும்பத்துக்குப் பதில் சொல்லும் பொறுப்பு எந்த ஒரு அதிகாரிக்கும் கிடையாது. நாலைந்து பேர் தங்கள் சொந்த வேலைக்கு நடுவே ஆளுக்கொரு துண்டு பார்க்கிறார்கள். துண்டுகளைச் சேர்த்துப் பார்க்க ஆள் இல்லை.

சட்டத்தில் இருப்பது

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-ஆவது பிரிவு. எண் மாறினாலும் பேச்சில் அது இன்னும் 'நூத்தி எழுபத்தி நாலு'தான். தற்கொலை, கொலை, விபத்து, மிருகம் தாக்கியது, இயந்திரத்தில் சிக்கியது, அல்லது சந்தேகம் எழுப்பும் எந்தச் சாவு என்றாலும் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரி அந்த இடத்துக்குப் போகவேண்டும். அக்கம்பக்கத்து மரியாதைக்குரியவர்கள் இரண்டு பேருக்குக் குறையாமல் வைத்துக்கொண்டு உடலைப் பார்க்கவேண்டும். காயம், தடிப்பு, அடையாளம் எல்லாவற்றையும் குறித்து, பார்த்தால் தெரிகிற காரணம் இது என்று எழுதவேண்டும். சந்தேகம் இருந்தால் உடலை அரசு மருத்துவருக்கு அனுப்பவேண்டும். கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் இறந்த பெண் என்றால் ஆர்.டி.ஓ. விசாரணை. காவலில் இறந்தவர் என்றால் நீதித்துறை நடுவர் விசாரணை.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பிரிவு கேட்பதே 'பார்த்தால் தெரிகிற காரணம்' மட்டும்தான். யார் செய்தார், எப்படிச் செய்தார் என்பதெல்லாம் இந்த விசாரணையின் எல்லைக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் 1975-லேயே சொல்லிவிட்டது. சட்டத்தின் கணக்கில் இது வாசல்படி. மேலே போகவேண்டிய விசாரணைகள் வேறு இருக்கின்றன. நடைமுறையில் முக்கால்வாசிச் சாவுகள் இந்த வாசல்படியிலேயே முடிந்துவிடுகின்றன.

காரணம் தெரியாத சாவை விசாரிப்பதற்கென்றே ஒரு பதவி நம்மிடம் இருந்ததும் உண்டு. கரோனர் என்று பேர். 1871-ஆம் ஆண்டின் கரோனர் சட்டம் கல்கத்தா, சென்னை, பம்பாய் மூன்று நகரங்களுக்காகப் போடப்பட்டது. சென்னையில் 19-ஆம் நூற்றாண்டு முடியும் முன்பே அந்தப் பதவியை எடுத்துவிட்டார்கள். பம்பாயில் 1999 வரை இருந்தது. அதற்குப் பிறகு எங்குமில்லை. பதவியை எடுத்ததைவிட, அதன் இடத்தில் எதையும் வைக்காததுதான் என் பிரச்சினை.

ஒரு உடலும் நாலு மேஜையும்

2022-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் தற்கொலை என்று பதிவானவை 19,834. மகாராஷ்டிரத்துக்கு அடுத்தபடி நாட்டிலேயே அதிகம். அதே ஆண்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 17,884 பேர். இந்த இரண்டை மட்டும் கூட்டி 365-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு நூற்றுச் சொச்சம் உடல்கள். கிணற்றில் மிதந்தவர்கள், மின்சாரம் தாக்கியவர்கள், பாம்பு கடித்தவர்கள், பேருந்து நிலையத்தில் செத்துக்கிடந்த பேர் தெரியாதவர்கள் எல்லாம் இதற்கு மேல். ஒவ்வொன்றுக்கும் விசாரணை அறிக்கை எழுதவேண்டும். பெரும்பாலானவற்றுக்குப் பிரேதப் பரிசோதனை செய்யவேண்டும்.

திருமயம் வட்டத்தில் ஏதோ ஒரு கிராமம். வயல் கிணற்றில் ஒரு பெண் உடல். இது உதாரணத்துக்குத்தான், குறிப்பிட்ட யாரையும் சொல்லவில்லை.

முதல் மேஜை எஸ்.ஐ.யுடையது. தமிழ்நாட்டில் ஜல்லிக்கட்டு அதிகம் நடப்பது புதுக்கோட்டை மாவட்டத்தில். ஜனவரியில் தொடங்கினால் மே வரை வாடிவாசல் பந்தோபஸ்து. அக்டோபர் கடைசியில் காளையார்கோவிலும் பசும்பொன்னும். நடுவில் தேர், திருவிழா, மந்திரி வருகை, கோர்ட் டூட்டி. இதற்கிடையில் கிணற்றடிக்கு வரும் எஸ்.ஐ.க்கு அந்தச் சாவுக்காகக் கிடைப்பது ஒரு காலை வேளை. பஞ்சாயத்தாராகக் கையெழுத்துப் போட ஐந்து பேர் நிற்பார்கள். அவர்கள் யார்? அதே ஊர்க்காரர்கள். புருஷன் வீட்டுக்குப் பங்காளி, அல்லது அந்த வீட்டு நிலத்தில் வேலை பார்ப்பவர், அல்லது நாளைக்கும் அதே டீக்கடையில் அவர்கள் முகத்தில் முழிக்க வேண்டியவர். சந்தேகம் ஏதும் இருக்கிறதா என்று கேட்டால் என்ன சொல்வார்கள்? "வயித்து வலின்னு சொல்லிக்கிட்டே இருக்கும் சார்."

அந்த வாக்கியம் பிறப்பது இங்கேதான். அதை மறுத்து எழுத வேண்டுமானால் எஸ்.ஐ. பெண்ணின் தாய் வீட்டுக்குப் போகவேண்டும். போன் பார்க்கவேண்டும், டாக்டர் சீட்டு தேடவேண்டும், பக்கத்து வீட்டுப் பெண்களோடு தனியாகப் பேசவேண்டும். மூன்று நாள் வேலை. மூன்று நாள் அவரிடம் இல்லை. புதிய சட்டம், அறிக்கையை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பச் சொல்கிறது. பழைய சட்டத்தில் 'உடனே' என்று இருந்தது. கெடு வைத்தவர்கள் ஆள் வைக்கவில்லை.

இரண்டாவது மேஜை டாக்டருடையது. படங்களில் வரும் ஃபாரன்சிக் டாக்டரை மறந்துவிடுங்கள். நீல வெளிச்சம், கண்ணாடிச் சுவர், ஒரு முடியைத் தூக்கிப் பார்த்துக் கொலைகாரனின் உயரம் சொல்லும் மேதை, அவர் இங்கே வரமாட்டார். தடயவியல் மருத்துவத்தில் மேற்படிப்பு முடித்தவர்கள் இருப்பது பெரும்பாலும் மருத்துவக் கல்லூரிகளில். புதுக்கோட்டைக்கே அரசு மருத்துவக் கல்லூரி வந்தது 2017-ல்தான். வட்ட மருத்துவமனையில் உடலைத் திறப்பவர் அன்றைய டூட்டி டாக்டர். எம்.பி.பி.எஸ்.ஸில் ஒரு பாடமாக இதைப் படித்தவர். காலையில் ஓ.பி. வரிசை, நடுவில் பிரசவம், பாம்புக்கடி, விபத்து. அதெல்லாம் முடிந்துதான் பிணவறை. உயிரோடு இருப்பவர் கையைப் பிடித்து இழுக்கும்போது இறந்தவர் காத்திருக்கத்தான் வேண்டும். அவரை நான் குறை சொல்லமாட்டேன்.

வெளியே மரத்தடியில் சொந்தக்காரர்கள் நிற்கிறார்கள். "அறுக்காம குடுத்துருங்கய்யா, பச்ச ஒடம்பு" என்று ஒரு கிழவி அழுகிறார். "ஏட்டய்யா, பொழுது சாயறதுக்குள்ள எடுத்துரணும், சனமெல்லாம் வந்து காத்துக் கெடக்காக" என்று பெரியவர் ஒருவர் சொல்கிறார். இருட்டுவதற்குள் முடிக்கவேண்டும் என்ற அவசரம் எல்லாருக்கும் இருக்கிறது. வசதியுள்ள மருத்துவமனைகளில் இரவிலும் செய்யலாம் என்று 2021 நவம்பர் 15-ஆம் தேதி மத்திய சுகாதார அமைச்சகம் சொன்னது. ஆனால் கொலை, தற்கொலை, சந்தேக மரணம் போன்றவற்றுக்கு அந்த அனுமதி பொதுவாகப் பொருந்தாது. ஆக, எந்த உடலுக்கு அதிக நேரம் தேவையோ அதற்குப் பகல் வெளிச்சம் மட்டும்தான்.

அமெரிக்காவில் மரண ஆய்வு மருத்துவர்களின் சங்கம் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. ஒரு மருத்துவர் வருஷத்துக்கு 250 பிரேதப் பரிசோதனைக்கு மேல் செய்யாமல் இருப்பது நல்லது. 325-ஐத் தாண்டினால் அந்த அலுவலகத்தின் அங்கீகாரமே கேள்விக்குள்ளாகும். கை எத்தனை வேகமாக இருந்தாலும் ஒரு எண்ணிக்கைக்கு மேல் கண் தவறவிடும் என்பதுதான் இதன் பொருள். நம்மிடம் இந்த எண்ணைப் பற்றிய பேச்சே கிடையாது. அதுவும் அந்த 250 இதை மட்டுமே செய்கிறவருக்கு. நம் டாக்டருக்கு இது உபரி வேலை. பல வருஷம் கழித்து, வேறு ஊருக்கு மாற்றலாகிப் போன பிறகு, கோர்ட்டிலிருந்து சம்மன் வரும். அன்றைக்கு என்ன பார்த்தேன் என்று கூண்டில் ஏறிச் சொல்வதும் அந்த உபரியில் சேர்த்தி.

மூன்றாவது ஆளுக்கு மேஜையே கிடையாது. பிணவறை ஊழியர். மண்டை ஓட்டைத் திறப்பது, தைப்பது, கழுவுவது எல்லாம் அவர் கை. பல ஊர்களில் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளியையே இதற்கும் நிறுத்திவிடுகிறார்கள். எந்தச் சாதியிலிருந்து அவர் வருவார் என்று நீங்களே யூகிக்கலாம். பயிற்சி கிடையாது. உடலை எல்லாரையும்விட நெருக்கமாகப் பார்ப்பவர் அவர். அவர் பார்த்தது எந்தக் காகிதத்திலும் ஏறாது. குடும்பத்திடம் கைநீட்டினார் என்று அவரைத் திட்டுகிறோம். இந்த வேலைக்கு அரசு அவருக்கு என்ன கொடுத்தது என்று கேட்பதில்லை.

நாலாவது மேஜைக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன்னால், இதெல்லாம் பொதுப்படையான புலம்பல் என்று நினைப்பவர்களுக்காகத் திருமயத்திலேயே நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும். இது உதாரணம் இல்லை.

திருமயம், 2025 ஜனவரி

2025 ஜனவரி 17, வெள்ளிக்கிழமை. திருமயம் பகுதியில் நடந்த கல்குவாரி முறைகேடுகள் பற்றித் தொடர்ந்து அதிகாரிகளிடம் புகார் கொடுத்துவந்த ஜகபர் அலி, தொழுகை முடித்து இருசக்கர வாகனத்தில் திரும்பும்போது டிப்பர் லாரி மோதி இறந்தார். முதலில் அது விபத்து. நெடுஞ்சாலை ஓரத்து ஊர்களில் லாரி மோதிச் சாவது செய்தியே இல்லை. அவர் மனைவி சந்தேகம் கிளப்பி புகார் கொடுத்தார். வழக்கு கொலை வழக்கானது. கல்குவாரி நடத்தியவர்கள் உட்படச் சிலர் கைதானார்கள். விசாரணை சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. யார் குற்றவாளி என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். நான் பேச வந்தது அதற்கு அடுத்து நடந்ததைப் பற்றி.

பிரேதப் பரிசோதனையில் எக்ஸ்ரே எடுக்கவில்லை என்ற விஷயம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனது. புதைத்த உடலைத் தோண்டி எக்ஸ்ரே எடுக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. பிப்ரவரியில் அடக்கம் செய்த உடலைத் திரும்ப வெளியே எடுத்து எக்ஸ்ரே எடுத்தார்கள்.

கொஞ்சம் நின்று யோசியுங்கள். எக்ஸ்ரே. ஊரில் ஒரு பையன் மரத்திலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டால் அரைமணி நேரத்தில் எடுத்துக் கையில் கொடுக்கும் எக்ஸ்ரே. லாரி மோதி இறந்த ஒருவரின் எலும்புகள் எங்கெங்கே எப்படி உடைந்திருக்கின்றன என்று பதிவு செய்ய அது வேண்டும் என்பதற்கு ஒரு குடும்பம் மதுரை வரை போகவேண்டியிருந்தது. வக்கீல், மனு, அரசுத் தரப்பு, நீதிபதி, உத்தரவு, மண்வெட்டி. முதல் நாள் பத்து நிமிஷம் செலவழித்திருந்தால் தேவைப்படாத வேலை இத்தனை. வட்ட மருத்துவமனைப் பிணவறைகளில் எக்ஸ்ரே கருவி வைப்பது வழக்கமே இல்லை. இருக்கும் கருவி உயிருள்ளவர்களுக்கானது. யாராவது சந்தேகப்பட்டுக் கேட்டால்தான் பிணத்துக்கு எடுப்பார்கள். சந்தேகப்படுவது யாருடைய வேலை என்பதுதான் நான் கேட்கும் கேள்வி. இங்கே அது மனைவியின் வேலையாக இருந்தது.

ஜகபர் அலி ஊரறிந்த மனிதர். அவர் எதிர்த்தது யாரை என்பதும் ஊருக்குத் தெரியும். அதனால் ஒரு வாரத்துக்குள் 'விபத்து' என்ற சொல் உடைந்தது. இந்தச் சொல்லை உடைக்க ஆள் இல்லாத சாவுகள் எத்தனை என்று யாராலும் சொல்லமுடியாது. அவை விபத்து என்றே மூடப்பட்டிருக்கின்றன.

இதே வட்டாரத்தில் நமணசமுத்திரத்தில், 2023 டிசம்பர் 30 அதிகாலை, சாலையோர டீக்கடையில் நின்றிருந்த பக்தர்கள் மீது சிமெண்ட் லாரி பாய்ந்து ஐந்து பேர் இறந்தார்கள். ஐந்து உடல்கள் ஒரே காலையில். மருத்துவமனையும் காவல் நிலையமும் அன்றைக்கு எப்படி ஓடியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இது போன்ற வழக்கில் கேட்கப்படும் கேள்வி ஒன்றே ஒன்று: டிரைவர் மேல் தப்பா? அந்தப் பருவத்தில் இரவெல்லாம் பக்தர் வண்டிகள் போகும் அந்தச் சாலையில் வண்டி நிறுத்த ஒதுக்கிடம் இருந்ததா? சரக்கு லாரி ஓட்டுபவர் எத்தனை மணி நேரமாகத் தூங்கவில்லை, அந்த ஓட்டத்தை நிர்ணயித்தது யார்? இவை குற்ற வழக்கின் கேள்விகள் இல்லை. சாவு விசாரணையின் கேள்விகள். அதற்கென்று ஒரு அலுவலர் இருந்தால்தான் கேட்பார்.

கருத்து ஒத்திவைக்கப்படுகிறது

நாலாவது மேஜை ஆய்வகம். விஷமாக இருக்கலாம் என்று பட்டால் டாக்டர் இரைப்பை, சிறுகுடலின் ஒரு பகுதி, ஈரல், சிறுநீரகம், ரத்தம் என்று எடுத்து, உறுப்புகளை உப்புக் கரைசலில் போட்டு, ஜாடியை மூடி, முத்திரை வைத்துக் கொடுப்பார். அறிக்கையில் சாவின் காரணம் என்ற இடத்தில், ரசாயனப் பரிசோதனை முடிவு வரும்வரை கருத்து ஒத்திவைக்கப்படுகிறது என்று எழுதுவார். அது நேர்மையான வாக்கியம். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறது. கொடுமை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

இந்தியாவின் முதல் ரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் 1849-ல் சென்னையில்தான் தொடங்கியது. பெருமைப்படலாம். நூற்று எழுபத்தைந்து வருஷம் ஆகிவிட்டது. ஜாடி போன இடத்திலிருந்து காகிதம் வரும்வரை அந்தக் குடும்பத்தில் எதுவும் நகராது. இன்சூரன்ஸ் கேட்டால் இறுதிக் காரணம் எங்கே என்பார்கள். விபத்து நிவாரணம் கேட்டாலும் அதேதான். கணவனை இழந்த பெண் மாதாமாதம் ஸ்டேஷனுக்குப் போன் போடுகிறார். "அண்ணே, அந்த டெஸ்ட் பேப்பரு வந்துருச்சாண்ணே?" "இன்னும் வரலம்மா, வந்தா நானே கூப்புடுறேன்." ஏட்டு பொய் சொல்லவில்லை. அவருக்கும் தெரியாது. பாஸ்போர்ட் விண்ணப்பித்தால் அது எந்த மேஜையில் நிற்கிறது என்று போனில் பார்க்கலாம். செத்துப்போன புருஷனின் ஈரல் எந்த மேஜையில் நிற்கிறது என்று பார்க்க வழியில்லை.

விஷச் சாவு வழக்குகளில் உள்ளுறுப்புகளை ஆய்வகத்துக்கு அனுப்பி, முடிவைத் தவறாமல் நீதிமன்றத்தில் சேர்க்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் உத்தரவாகவே சொன்னது. இதைச் சொல்ல உச்ச நீதிமன்றம் வேண்டியிருந்தது என்பதே நிலைமையைச் சொல்லும்.

காகிதம் வந்தால் மட்டும் போதாது, அதைப் படிக்க ஒருவர் வேண்டும். கேரளத்தின் கூடத்தாயி வழக்கு ஞாபகம் இருக்கும். 2002-க்கும் 2016-க்கும் இடையில் ஒரே குடும்ப வட்டத்தில் ஆறு சாவுகள். அதில் 2011-ல் நடந்த சாவில் மட்டும் பிரேதப் பரிசோதனை நடந்தது. சயனைட் இருந்தது என்று அறிக்கையும் வந்தது. தற்கொலை என்று மூடிவிட்டார்கள். 2019-ல்தான் கல்லறைகளைத் தோண்டினார்கள். அந்த வழக்கும் நீதிமன்றத்தில்தான் இருக்கிறது. விஷம் கண்டுபிடிக்கப்பட்டது. ஆனால் அந்த வீட்டுக்கு முன்பும் பின்பும் வந்த சாவுகளோடு அதைச் சேர்த்து வைத்துப் பார்க்கும் மேஜை எங்கேயும் இல்லை.

எண்ணிப் பார்ப்பவர்கள்

"வெளிநாட்டைக் காட்டாதீங்க" என்பார்கள். சரி, பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் போவோம். இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளில் 'திடீர் மரண விசாரணை அதிகாரி' என்ற சொல்லைச் சாதாரணமாகப் பார்க்கலாம். அங்கே அது ஒரு பதவி. போலீஸ்காரர் இல்லை, தனி ஆள். உடலைப் பார்க்கச் சட்ட வைத்திய அதிகாரி என்று வேறொருவர். அந்த ஏற்பாட்டிலும் ஆயிரம் குறை இருக்கிறது. உள்நாட்டுப் போர் கண்ட ஒரு நாட்டில் சாவு விசாரணை சுத்தமாக நடந்தது என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் பதவி இருக்கிறது. திட்டுவதற்காவது ஒரு நாற்காலி இருக்கிறது.

சாவுகளை எண்ணினால் என்ன ஆகும் என்பதற்கும் அங்கேதான் பதில் இருக்கிறது. 1995-ல் இலங்கையில் லட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். உலகத்திலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று. எந்தப் பூச்சிமருந்து அதிகம் பேரைக் கொல்கிறது என்று பார்த்து அந்த வருஷம் மோனோகுரோட்டோபாஸ், மெத்தமிடோபாஸ் இரண்டையும் தடுத்தார்கள். அதன் இடத்துக்கு எண்டோசல்ஃபான் வந்தது, சாவு அதில் கூடியது. எண்ணிக்கொண்டே இருந்ததால் அது தெரிந்தது. 1998-ல் அதையும் தடுத்தார்கள். பிறகு 2008-இலிருந்து பாராகுவாட் உட்பட இன்னும் மூன்று. இருபது வருஷத்தில் தற்கொலை விகிதம் சுமார் 70 சதவீதம் குறைந்தது. யாருக்கும் தத்துவ வகுப்பு எடுக்கவில்லை. எது கொல்கிறது என்று சரியாக எழுதிவைத்தார்கள்.

தமிழ்நாட்டிலும் 2023 தொடக்கத்தில் மோனோகுரோட்டோபாஸ் உட்பட ஆறு மருந்துகளுக்கு 60 நாள் தடை போட்டார்கள். நல்ல காரியம்தான். அது எத்தனை உயிரைக் காப்பாற்றியது, அதன் இடத்துக்கு எது வந்தது என்று ஒரு மாவட்டத்திலாவது சொல்ல முடியுமா? கோப்பில் 'விஷம்' என்றும் 'தீராத வயிற்று வலி' என்றும் இருந்தால் எப்படிச் சொல்வது?

இங்கிலாந்தில் கரோனர் ஒரு சாவை விசாரிக்கும்போது, இதே காரணத்தால் இன்னொருவரும் சாகலாம் என்று பட்டால் சம்பந்தப்பட்ட மருத்துவமனைக்கோ கம்பெனிக்கோ அமைச்சகத்துக்கோ அறிக்கை அனுப்பவேண்டும். அவர்கள் 56 நாளுக்குள் பதில் எழுதவேண்டும். அறிக்கையும் பதிலும் பொதுவெளியில் இருக்கும். அங்கேயும் ஆள் பற்றாக்குறை, விசாரணைக்கு மாதக்கணக்கில் காத்திருப்பு எல்லாம் உண்டு. இருந்தாலும் நமணசமுத்திரம் மாதிரி ஒன்று அங்கே நடந்தால், அந்தச் சாலைக்குப் பொறுப்பானவர் 56 நாளுக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டிவரும்.

எதிர்ப்புகள்

பணம் எங்கே என்பது முதல் கேள்வி. இப்போதும் செலவழிக்கிறோம், தாமதமாக, பல மடங்காக. 2013-ல் தர்மபுரி இளவரசன் தண்டவாளத்தருகே இறந்துகிடந்தபோது மறு பரிசோதனைக்கு டெல்லி எய்ம்ஸிலிருந்து மருத்துவர்கள் வந்தார்கள், விசாரணை ஆணையம் உட்கார்ந்தது. 2015-ல் கோகுல்ராஜ் உடல் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் கிடந்தபோது அது முதலில் தற்கொலை போலத்தான் காட்டப்பட்டது. 2022-ல் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை கிடைக்கும்வரை ஒரு தாய் ஏழு வருஷம் போராடினார். அதே 2022-ல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் பள்ளி விடுதி மாணவி ஒருவர் இறந்து, முதல் அறிக்கையைப் பெற்றோர் நம்பாமல், ஜூலை 17-ஆம் தேதி பள்ளியும் பேருந்துகளும் எரிந்தன. உயர் நீதிமன்ற உத்தரவில் மறு பரிசோதனை, பிறகு ஜிப்மர் மருத்துவர்களின் ஆய்வு. முதல் அறிக்கை சரியா தவறா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. நம்பும்படியான முதல் அறிக்கையைத் தர நம்மிடம் அமைப்பு இல்லை. அந்த அவநம்பிக்கையின் பில் இது. ஊர் கொதித்தால் எய்ம்ஸ், கொதிக்காவிட்டால் டூட்டி டாக்டர் என்றால், சரியான பரிசோதனை கிடைக்க முதலில் கலவரம் நடந்தாக வேண்டும்.

குடும்பமே அறுக்கவேண்டாம் என்கிறதே என்பது இரண்டாவது. உண்மைதான். ஆனால் ஜனங்கள் பயப்படுவது கத்திக்கு இல்லை. மரத்தடியில் நாள்முழுக்க உட்காரவைப்பதற்கும், கைநீட்டலுக்கும், சாக்குப்பை மாதிரித் தைத்துக் கொடுப்பதற்கும்தான். மரியாதையோடு சில மணி நேரத்தில் திருப்பிக் கொடுத்தால் அந்த எதிர்ப்பில் பாதி அடங்கும். மீதிப் பாதியைக் கவனமாகப் பார்க்கவேண்டும். சீக்கிரம் எரித்துவிடத் துடிப்பவர் சில சமயம் அந்த வீட்டுக்குள்ளேயே இருப்பார்.

போலீஸ்தானே விசாரிக்கவேண்டும் என்பது மூன்றாவது. குற்றத்தை அவர்கள் விசாரிக்கட்டும். காவலில் நடக்கும் சாவுக்கு வெளிக் கண் வேண்டும் என்று 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்திலேயே சட்டம் ஒப்புக்கொண்டது. 2020-ல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் இறந்தபோது கோவில்பட்டி நீதித்துறை நடுவர் ஸ்டேஷனுக்குள் நேரே போனதால்தான் பல விஷயங்கள் வெளியே வந்தன. லாக்கப்பில் இறந்தவருக்கு வேண்டிய வெளிக் கண், மாமியார் வீட்டிலும் குவாரியிலும் விடுதியிலும் இறந்தவருக்கு எதற்கு வேண்டாம்?

கேட்க வேண்டியவை

மாவட்டத்துக்கு ஒரு மரண விசாரணை அலுவலர். காவல்துறைக்கும் மருத்துவமனைக்கும் வெளியே, மாவட்ட நீதிபதியின் மேற்பார்வையில், தனக்கென்று ஆட்களோடு. ஒரு சாவின் எல்லாத் துண்டுகளும் அவர் மேஜையில் சேரவேண்டும். மூன்று நாலு வட்டங்களுக்கு ஒரு பரிசோதனை மையம். அதில் இந்த வேலையை மட்டுமே செய்யும் தடயவியல் மருத்துவர், அவருக்கு ஆண்டு உச்சவரம்பு, பிணவறையிலேயே எக்ஸ்ரே. பிணவறை ஊழியருக்கு நிரந்தரப் பதவியும் பயிற்சியும். ஆய்வகத்துக்குக் கெடு, அந்தக் கெடுவுக்கேற்ற ஆட்கள், குடும்பத்தின் போனுக்கே தகவல். வருஷம் ஒருமுறை, பேர்களை நீக்கிவிட்டு, இந்த மாவட்டத்தில் யார் யார் எதனால் இறந்தார்கள், எதைத் தடுத்திருக்கலாம் என்று பொது அறிக்கை.

திருமயம் குன்றில் சிவன் கோயிலுக்கும் பெருமாள் கோயிலுக்கும் இருந்த தகராறைத் தீர்த்து வைத்ததைச் சொல்லும் 13-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. என்ன வழக்கு, என்ன முடிவு என்று யாரும் படிக்கும்படி பாறையிலேயே வெட்டி வைத்தார்கள். எண்ணூறு வருஷத்துக்கு அப்புறம் அதே ஊரில், தன் வீட்டு ஆள் எதனால் செத்தார் என்ற காகிதத்தின் நகலுக்கு ஒரு பெண் பஸ் ஏறிப் புதுக்கோட்டைக்கும் மதுரைக்கும் அலைய வேண்டியிருக்கிறது.

மரணத்தைப் பற்றி எழுதவும் வாசிக்கவும் நமக்குப் பிடிக்கும். கவிதையில் அது நதி, பறவை, திரும்பி வராத ரயில். எழுதுவோம், தப்பில்லை. ஆனால் மாவட்டப் பக்கத்தின் கீழ் மூலையில் இருக்கும் நாலு வரியும் மரணத்தைப் பற்றித் தமிழில் எழுதப்படும் உரைநடைதான். தினமும் எழுதப்படுகிறது, ஆள் இல்லாததால் அவசரமாக எழுதப்படுகிறது. அடுத்த முறை 'தீராத வயிற்று வலி' கண்ணில் பட்டால் சிரிப்பதற்கு முன்னால், அதை யார் எழுதினார், அன்றைக்கு அவருக்கு அது எத்தனையாவது வேலை என்று கேளுங்கள். உங்கள் தொகுதி எம்.எல்.ஏ.விடமும் கேளுங்கள்: நம் மாவட்டத்தில் இந்த வேலையை மட்டுமே பார்க்க எத்தனை பேர் இருக்கிறார்கள்?